மெயின் சுவிட்சை இறக்கியவன் எழுதிக்கொள்வது

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் உடம்பளவில் சுகம். மனசு எப்படி இருக்கிறது என்பது போகப்போகத் தெரியும். அங்கே என் மகளும், மாப்பிள்ளையும், உங்கள் இருவரையும் ஆட்டிப்படைக்கிற நம் பேத்தியும் நன்றாக இருக்கவேண்டும். நீங்களும் நன்றாக இருக்கவேண்டும். உடம்பு சரியில்லாத ஆளோடு சண்டை போட எனக்குப் பிடிக்காது. எழுதுவது உங்கள் சம்பந்தியம்மாவின் கை, பேசுவது என் வாய். சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன் என்று ஒத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறாள்.

உங்கள் நோட்டீஸின் தலையில் தேதி போட்டிருக்கிறதாம். எனக்குத் தேதி வேண்டாம், எந்த வருஷம் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்தின் நடுக்கண் ஒரு மர லாரியோடு தண்ணீரில் இறங்கியதே, நாமெல்லாம் மாதக்கணக்கில் படகில் வேலைக்குப் போனோமே, படகுக்காரர் அந்த வரும்படியில் புதுப்பல் கட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாரே, பெரிய கொட்டகையில் திரை கிழிந்து மீதிப் படத்தைச் சுவரில் ஓட்டினார்களே, அந்த வருஷம்தான் நம் பிஸ்கட் கம்பெனியில் லைனுக்கு மேலே சிவப்புக் கயிறு கட்டினார்கள். மாவு பிசைகிற இடத்திலிருந்து அடுப்பின் வாய் வரைக்கும் எட்டிப் பிடிக்கிற உயரத்தில் ஒரே கயிறு. யார் இழுத்தாலும் லைன் நிற்கும். படித்தவன் இழுத்தாலும் நிற்கும், என்னை மாதிரிக் கைநாட்டு இழுத்தாலும் நிற்கும். இதை இப்போது எதற்குக் கிளறுகிறான் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியாத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். துடைத்துக்கொண்டே இருங்கள், வருகிறேன்.

முதலில் நோட்டீஸ். 'முதியோர் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருக்கும் தாங்கள், கண்காட்சி தினத்தன்று மண்டபத்தின் மெயின் சுவிட்சை இறக்கி அனைவரின் உழைப்பையும் அழித்தமைக்காக, இத்துடன் உள்ள மன்னிப்புத் தாளில் ஒப்பமிட்டு வரும் திங்கட்கிழமைக்குள் தரவேண்டும், தவறினால் தங்கள் பெயர் நீக்கப்படும்.' கீழே ஆசிரியர் என்று உங்கள் கையெழுத்து. உங்கள் சம்பந்தியம்மா இதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வேறு சொன்னாள். ஒப்பம் வைத்தால் திங்கட்கிழமை உங்கள் பக்கத்து நாற்காலி எனக்கு, வைக்காவிட்டால் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணவேண்டியது. வண்டிகளையே எண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்னை இந்த வகுப்புக்கு இழுத்தவர் யார்? நீங்கள். "எழுத்தே வேண்டாம் சம்பந்தி, எல்லாம் படம்தான். கட்டையை எடுத்துக் கட்டைமேல ஒட்டணும், அவ்வளவுதான்" என்றீர்கள். அதை நம்பி வந்தேன். அன்றைக்கு நீங்கள் காட்டியது உண்மையிலேயே நல்ல சாமான். திரையில் ஒரு பொம்மை, பக்கத்தில் கலர் கலராகக் கட்டைகள், மேலே ஒரு பச்சைக் கொடி. கொடியைத் தொட்டால் பொம்மை நடக்கிறது. எல்லோரும் கொடியைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன், இதை நிறுத்துவது எப்படி என்று. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நிறுத்துறத அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஓடட்டும்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் நம் எல்லாக் கஷ்டமும் ஆரம்பம். நானே தேடிப் பார்த்தேன். கொடிக்குப் பக்கத்திலேயே எட்டு மூலை வைத்த சிவப்புப் பொட்டு. தொட்டேன், நின்றது. மறுபடி கொடி, மறுபடி பொட்டு. வகுப்பு முழுக்க ஓடவைத்துப் பழகியது, நான் நிறுத்திப் பழகினேன். பிறகு நீங்கள்தான் குரல் பதிகிற கட்டையையும், முடிவில்லாமல் திரும்பச் செய்கிற கட்டையையும் காட்டினீர்கள். நான் வீட்டிலிருந்து உங்கள் சம்பந்தியம்மா குரலைப் பதிந்து வந்து பொம்மைக்கு மாட்டினேன். பொம்மை ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்கும். அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சிவப்புப் பொட்டைத் தொட்டேன், அந்தக் குரல் அப்படியே பாதியில் அடங்கியது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைக்காத சௌகரியம் அது. (இந்த வரியை எழுத மாட்டேன் என்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம் என்கிறார். எழுதிவிட்டேன், இவரை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். - எழுதுகிறவள்.)

அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கும் நல்ல மாணாக்கன். அடுத்த வாரம் நீங்கள் வேறு ஒன்றைத் திறந்தீர்கள். அதில் ஒரு பேனா தானாகவே வட்டம் வரைகிறது. வட்டத்தின் மேல் வட்டம், அதன் மேல் வட்டம், காகிதம் கறுத்துப்போகிற அளவுக்கு வட்டம். நான் சிவப்புப் பொட்டைத் தேடினேன், கிடையாது. கொடியும் கிடையாது. சரி, ஜன்னலை மூடினால் நிற்கும் என்று பக்கத்திலிருந்த பல் டாக்டரம்மா சொன்னார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பொய் சொல்லமாட்டார். மூடப்போனால் அது ஒரு கேள்வி கேட்டது. என்ன கேட்கிறது என்று அவரைக் கேட்டேன். "புரோகிராம் இன்னும் ஓடிட்டிருக்கு, கொன்னுடட்டுமான்னு கேக்குது" என்றார் அந்த அம்மா சாதாரணமாக, பல்லைப் பிடுங்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் ஆடிப்போனேன். வட்டம் போட்டது ஒரு குற்றமா? நிற்கச் சொன்னால் போதும், உயிரை எடுக்கவேண்டாம் என்று வேண்டாம் என்கிற பொத்தானை அமுக்கினேன். அது நன்றி சொல்கிற மாதிரி மறுபடி வட்டம் போட ஆரம்பித்தது. வகுப்பு முடிந்து நாம் கதவைப் பூட்டுகிறபோதும் அது போட்டுக்கொண்டுதான் இருந்தது. நீங்கள்தான் திரும்பப் போய்க் கொன்றுவிட்டு வந்தீர்கள். எப்படி மனசு வந்தது என்று கேட்டதற்குச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினீர்கள்.

பிறகு ஒன்றில் நிறுத்துவதற்கு ஒரு சிறு சதுரம். அமுக்கினால் நிற்காது. ஒரு நட்சத்திரம் மட்டும் அப்படியே முழித்துக்கொண்டிருக்கும். அது வேலையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றீர்கள். பொறுத்தேன், நட்சத்திரம் போகவில்லை. கடைசியில் முதலிலிருந்து தொடங்குகிற பொத்தானை அமுக்கினீர்கள், நின்றது, ஆனால் அதுவரை சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்துவிட்டது. நிறுத்தச் சொன்னால் நினைவு தப்பிப்போகிற ஆளை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வார்?

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கறுப்பு ஜன்னல் என்று ஒன்றைக் கொண்டுவந்தீர்களே, அதில்தான் என் மானம் போனது. அதற்குப் பொட்டும் இல்லை, சதுரமும் இல்லை. கீபோர்டில் கீழ் மூலைச் சாவியையும் பிறை மாதிரி எழுத்து இருக்கிற சாவியையும் சேர்த்து அமுக்கினால் நிற்கும் என்றீர்கள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, மூலையும் பிறையும் எனக்குப் படமாகவே மனசில் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வாரம் கடிதம் எழுதுகிற பாடத்தில் இதே மூலை, இதே பிறை, இரண்டையும் சேர்த்து அமுக்கினால் எழுத்து நகலாகும் என்று சொல்லிக்கொடுத்தவரும் நீங்கள்தான். ஒரே விசில் ஒரு பஸ்ஸில் நில் என்றும் அடுத்த பஸ்ஸில் டிக்கெட் கொடு என்றும் ஆனால் கண்டக்டர் என்ன பாடுபடுவார்? கம்பெனியில் நாம் எந்த லைனுக்கு மாறினாலும் கயிறு ஒரே சிவப்பு, ஒரே உயரம். இருட்டில் கை வைத்தாலும் கயிறு கயிறுதான். இதை வகுப்பில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததை மட்டும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

இனிக் கண்காட்சி தினம். வாசலில் ஒரு பழைய பெட்டிக் கம்ப்யூட்டர் வைத்து, வருகிறவர்கள் பெயரைத் தட்டினால் பெரிய திரையில் 'வருக' என்று வருகிற மாதிரி நீங்கள் செய்திருந்தீர்கள். கடைசியில் அந்தப் பெயர்களில் ஒன்றை அதுவே குலுக்கி எடுக்கும், பெயர் விழுந்தவருக்கு நம் வகுப்பு டாக்ஸிக்காரர் செய்த குட்டி வண்டி தானாகவே ஓடிப்போய் டீ கொடுக்கும் என்பது ஏற்பாடு. காலையிலிருந்து ஓடியது, நன்றாகவே ஓடியது, அதில் குற்றம் சொல்லமாட்டேன். என் மகள் வந்து தன் பெயரைத் தட்டினாள். உலகத்தில் எனக்கு உருவம் தெரிந்த ஒரே பெயர் அதுதான், அவள் கல்யாணப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்துப் பழகியது. அது அவ்வளவு பெரிதாகத் திரையில் நின்றதும் எனக்கு ஓர் ஆசை. அதே பெட்டியில்தான் என் பொம்மையும் இருந்தது. அந்தப் பெயரை நகலெடுத்துப் பொம்மையின் வாயில் ஒட்டிவிட்டால், அவள் திரும்பி வரும்போது பொம்மை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அப்பா கண்ணால் பார்த்தே ஒட்டினேன் என்று சொல்லலாம். யாரிடமும் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி மூலையையும் பிறையையும் அமுக்கினேன்.

அது கறுப்பு ஜன்னலாம். நின்றுவிட்டது. பெரிய திரையில் யாருக்கும் புரியாத நாலு வரி, அதன் கீழே ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டு. காலையிலிருந்து வந்த பெயரெல்லாம் அதன் தலைக்குள்ளேதான் இருந்ததாம், எங்கேயும் எழுதி வைக்கவில்லையாம், எல்லாம் போச்சு. நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு "யார் நிறுத்தினது?" என்றீர்கள். நான் கையைத் தூக்கினேன். யோசித்துத் தூக்கவில்லை. லைனில் நமக்கு இருந்த பழக்கம் அது, இழுத்தவன் உடனே கையைத் தூக்கவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் தலையில் விழும். இது ஒன்று என் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நோட்டீஸில் இருப்பது அடுத்ததுதான்.

குலுக்கல் போனதால் டாக்ஸிக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவர் வண்டி ஓட்டிய காலத்திலும் பச்சை விழும்வரை பொறுத்தவர் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். டம்ளரைத் தட்டில் வைத்து வண்டியைத் தரையில் விட்டார். வண்டி மேடைக்குப் போகவேண்டும். அது மேடையைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தது, திரும்பியது, நடுமண்டபத்தில் தரையில் உட்கார்ந்து யாருடைய பெயர் அட்டையையோ சப்பிக்கொண்டிருந்த நம் பேத்தியை நோக்கிக் கிளம்பியது. ஜனங்கள் கைதட்டினார்கள். என் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ பேச்சில். நான் கடைசி வரிசையில், சுவரோரம், என் முழங்கால் இருக்கிற இருப்பில் எழுந்திருப்பதற்கே ஒரு ஆள் வேண்டும். கூப்பிட்டேன், கைதட்டலில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கொதிக்கிற டீ, டம்ளர், ஓடுகிற வண்டி, குழந்தை. முன்னால் இருந்த திரையில் சிவப்புப் பொட்டைத் தொட்டேன். மூலையும் பிறையும் அமுக்கினேன். சதுரத்தை அமுக்கினேன். கொல்லட்டுமா என்று கேட்டிருந்தால் அன்றைக்குக் கொல்லு என்றே சொல்லியிருப்பேன், கேட்கவில்லை. அங்கே டாக்ஸிக்காரர் தன் பெட்டியை விரலால் குத்திக்கொண்டு "நிக்க மாட்டேங்குதே, நிக்க மாட்டேங்குதே" என்று சிரிக்கிறார், வேர்த்துப்போய்ச் சிரிக்கிறார். என் தலைக்குப் பக்கத்தில் சுவரில் மெயின் சுவிட்ச், பழைய கைப்பிடி வைத்தது. அது ஒன்றுதான் அந்த மண்டபத்திலேயே எனக்குப் புரிகிற மாதிரி செய்திருந்த சாமான். பிடித்துக் கீழே இறக்கினேன்.

எல்லாம் நின்றது. விளக்கு நின்றது, மின்விசிறி நின்றது, மைக் நின்றது, நீங்கள் வாயைத் திறந்தபடி நின்றீர்கள். திரை தெரியவேண்டும் என்று ஜன்னல் சீலையை இழுத்துவிட்டிருந்ததால் கும்மிருட்டு. அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம், கிர்ர்ர் என்று. வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள்ளேயே பேட்டரி இருந்திருக்கிறது. மண்டபத்தில் ஓடியதில் எது நிற்கவேண்டுமோ அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் நிறுத்தியிருந்தேன்.

யாரோ சீலையை விலக்கியபோது பார்த்தால் நம் பேத்தி வண்டியைத் தூக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வண்டுக்குக் கால் அடிக்கிற மாதிரி நாலு சக்கரமும் ஆகாயத்தில் சுற்றுகிறது. டம்ளர் காலி. டீயே ஊற்றவில்லையாம், பெயர் விழுந்த பிறகு ஊற்றலாம் என்று வைத்திருந்தார்களாம். அவள் பெயர் அட்டையை விட்டுவிட்டு டம்ளரைச் சப்ப ஆரம்பித்தாள். விளக்கு திரும்பி வந்ததும் அழுகைதான். ஒருவரும் எதையும் சேமித்து வைக்கவில்லை. பல் டாக்டரம்மா வாரக்கணக்கில் இதழ் இதழாக வரைந்த பூ போச்சு. "எத்தனையோ பேருக்குப் பல்லு பிடுங்கியிருக்கேன், வலின்னா என்னன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் என்னைப் பார்த்து. அந்த அம்மாவிடம் நான் தனியாகப் போய் வருத்தம் சொல்லிவிட்டேன். பூவுக்காக. சுவிட்சுக்காக இல்லை.

இப்போது கண்காட்சி நடத்திய உங்கள் குழு என்ன சொல்கிறது? டம்ளரில் டீ இல்லை என்கிறது. சரி. குழந்தைக்கு ஆபத்தில்லை என்கிறது. சரி. சுவிட்சை இறக்கினால் வண்டி நிற்காது என்கிறது. சரி. பேட்டரி இருப்பதைப் போன வாரமே வகுப்பில் சொன்னோம், அன்றைக்கு நான் கண் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்கிறது. அதுவும் சரி. எல்லாமே சரி. எல்லாமே சுவிட்சை இறக்கிய பிறகு தெரிந்த சரி. முன்னால் தெரிந்தது ஒன்றுதான், ஓடுகிறது, நிற்கவில்லை, எதிரே குழந்தை. உங்கள் குழுவில் யாருக்காவது அந்த நேரத்தில் டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிற கண் இருந்ததா? இருந்தால் அவர் கையெழுத்துப் போடட்டும்.

சரி சம்பந்தி, கண்ணாடியைத் துடைத்தது போதும், போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றுக்கு வருகிறேன். கயிறு கட்டி அதிக நாள் ஆகவில்லை. மழை பிடித்த வாரம், உள்ளே எல்லோருக்கும் இருமல். நான் மாவைத் தட்டையாக்குகிற உருளையிலிருந்து ஓரத்து மாவை வழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிஸ்கட்டுக்கு அச்சு குத்துகிற அச்சுக்காரர் ஏதோ ஜோக் அடித்தார், திரும்பிச் சிரித்தேன், கையுறையின் நுனியை உருளை கவ்விக்கொண்டது. கத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. இழுத்தது நீங்கள். லைன் நின்றது, அடுப்புக்குள் இருந்த பிஸ்கட் அவ்வளவும் கரிக்கட்டை. அடுப்பு மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார், தெரு முழுக்கக் கருகல் வாசனை, எதிர்வீட்டுக்காரர்கள் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்கள். மேனேஜர் வந்து உருளையைத் திருப்பிப் பார்த்தால் காகிதம் மாதிரி கையுறை வந்தது. கை எப்போதோ வெளியே வந்திருக்கிறதாம். கட்டைவிரலில் ஒரு கடி, நகம் போச்சு, அவ்வளவுதான். மேனேஜர் அந்தக் கையுறையை உங்கள் முகத்துக்கு நேராக ஆட்டி, "இந்தத் துணிக்காகவா ஒரு அடுப்ப கரியாக்கின?" என்றார். நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, நீங்கள் மறந்திருந்தால் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

"கை உள்ள இருக்கா இல்லையான்னு பாத்துட்டுத்தான் இழுக்கணும்னா, அந்தக் கயிறு எதுக்கு சார்?"

சாயங்காலமே ஒரு தாளைத் தட்டச்சடித்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தீர்கள். 'தகுந்த காரணமின்றி நிறுத்தியமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' வாசித்துவிட்டு நாலாக மடித்து மேனேஜரின் சட்டைப் பையிலேயே வைத்தீர்கள். ஒப்பம் போடவில்லை. வேலை போயிற்று. ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டு, அப்புறம் டிவி, அப்புறம் கம்ப்யூட்டர் என்று போய், இன்றைக்கு நீங்கள் ஆசிரியராக நிற்கிறீர்கள். நாங்கள் உங்களுக்குக் கயிறு என்று பெயர் வைத்தோம். தெருவில் எங்கே பார்த்தாலும் நான் உங்களை 'டேய் கயிறு' என்றும், நீங்கள் என்னை அச்சில் ஏற்ற முடியாதபடியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் பையனுக்கும் என் மகளுக்கும் கல்யாணம் பேசி முடித்த அன்று உங்கள் சம்பந்தியம்மா ஒரே போடாகப் போட்டாள், சம்பந்தியைப் போய் டேய் என்பதா, இனிமேல் நீங்கள், வாருங்கள், போங்கள் என்று. அன்றிலிருந்து நம் இரண்டு பேருக்கும் மரியாதை அதிகம், பேச்சு கம்மி.

இப்போது நீங்கள் எனக்கு அனுப்பியிருக்கிற தாளை வாசிக்கச் சொன்னேன். உங்கள் சம்பந்தியம்மா வாசித்தாள். 'தகுந்த காரணமின்றி நிறுத்தியமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' மறுபடி வாசி என்றேன். ஒரு வார்த்தை மாறவில்லை சம்பந்தி. அந்த வாக்கியத்தை மேனேஜர் பையில் திருப்பி வைத்தீர்கள் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், உங்கள் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். நான் கதை கட்டுகிறேன் என்று தோன்றினால் தராசு அக்காவைக் கேளுங்கள். எடை போடுகிற மேசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள், நீங்கள் தாளை மடித்தபோது முதலில் கைதட்டியவள். மகன் வீட்டில்தான் இருக்கிறாள். காது மந்தம், ஞாபகம் கல்லு மாதிரி.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஒப்பம் வைக்கமாட்டேன். என் பெயரை அடியுங்கள், நன்றாக அழுத்தி அடியுங்கள். அடுத்த தொகுதியாவது பிழைக்கவேண்டும் என்றால், வருகிறவர்களிடம் பச்சைக் கொடியைக் காட்டுவதற்கு முன் எப்படி நிறுத்துவது என்று காட்டுங்கள். எதில் பொட்டு, எதில் சதுரம், எதில் மூலையும் பிறையும், எதற்கு வயிற்றில் பேட்டரி என்று சொல்லிவிட்டு அப்புறம் ஓட விடுங்கள். நான் இனி அந்தப் படியேறமாட்டேன். நீங்களும் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசவேண்டாம், வந்தால் டீ உண்டு, பேச்சு கிடையாது. என் மகளைக் கேட்டதாகச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. பேத்திக்கு என் ஆசியோடு ஒரு முத்தமும். அந்த மண்டபத்தில் ஓடுகிறதை நிறுத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். உங்களுக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், இதையெல்லாம் யோசித்துப் பார்க்க நேரம் வேண்டுமே.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத உங்கள் சம்பந்தி,
மெயின் சுவிட்சை இறக்கியவன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாயிற்று. அப்போதுதான் போன் வந்தது. தராசு அக்காவின் மகன். இன்று காலை தூக்கத்திலேயே போய்விட்டாளாம். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். சாட்சிக்கு அவளைக் கேளுங்கள் என்று மேலே எழுதச் சொன்னேனே, அதை அடிக்கவேண்டாம், இருக்கட்டும் என்றேன். உறையைப் பிரிக்கச் சொல்லி, நீங்கள் அனுப்பிய அந்தத் தாளையும் எடுக்கச் சொன்னேன். உங்கள் சம்பந்தியம்மா மைப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். தாள் உள்ளே இருக்கிறது, கைநாட்டு வைத்திருக்கிறேன். ரேகை ஒரு பக்கம் சப்பையாக விழுந்திருக்கும். உருளை கடித்த கட்டைவிரல் அது, வேறு விரல் வைக்கலாமா என்று யோசித்தேன், இது இருப்பதே நீ இழுத்ததால்தான், இதுதான் முறை என்று பட்டது. வருத்தம் ஒன்றும் கிடையாது, ரேகை மட்டும்தான். திங்கட்கிழமை வருகிறேன். பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்காதே. அந்தக் கயிற்றைப் பற்றிச் சண்டை போட எனக்கு ஆள் வேண்டும். புதுப்பாலம் திறந்த வருஷம், மாவு பிசைகிற இடத்தில் நின்ற மாவு அண்ணன் போனார். கம்பெனியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிய வருஷம் அச்சுக்காரர். நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முந்தின மழையில் அடுப்பு மாமா. இன்று தராசு அக்கா. அந்த லைனில் நின்றவர்களில் என்னை விட்டால் மிச்சம் நீ ஒருத்தன்தான்டா, கயிறு.